பெயர் சொல்லாத பாவ அறிக்கை

ஞாயிறு ஆராதனையில் பொதுப் பாவ அறிக்கை எவ்வளவு வேகமாக ஓடும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். குருவானவர் தொடங்கிவைத்ததும் சபை ஒரே மூச்சில் 'ஆமென்' வரைக்கும் போய்விடும். முன்வரிசை முடித்த பிறகும் பின்வரிசை இரண்டு சொல் தள்ளி வந்துகொண்டிருக்கும். புத்தகம் வேண்டியதில்லை, சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். செய்யக்கூடாததைச் செய்தோம் என்பதை மட்டுமல்ல, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம் என்பதையும் அந்த அறிக்கையில் ஒப்புக்கொள்கிறோம். முந்தியதையாவது சிலர் ராத்திரி படுக்கப் போகும்போது நினைத்துப் பார்ப்பார்கள். பிந்தியதை வாரம் தவறாமல் ஒப்புக்கொள்கிறோமே தவிர, என்னத்தைச் செய்யாமல் விட்டோம் என்று ஒரு ஞாயிறாவது சொன்னோமா?

சொல்லாமல் விடுவது வசதியானது. எல்லாரும் சேர்ந்து எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இது நம்மோடு தொடங்கிய பழக்கமும் அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945 அக்டோபரில், ஜெர்மன் சுவிசேஷ சபையின் தலைவர்கள் ஸ்டுட்கார்ட்டில் கூடி ஒரு குற்ற அறிக்கை வெளியிட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் மார்ட்டின் நீமோலர். ஹிட்லரின் வதைமுகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்து வந்தவர். அவரே 'நாங்கள் தவறினோம்' என்று சேர்ந்து சொன்னது பெரிய காரியம்தான். ஆனாலும் அந்த அறிக்கையில் யூதர்கள் என்ற சொல் இல்லை. இன்னும் தைரியமாக, இன்னும் உண்மையாக இருந்திருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டார்கள், யாரைக் கைவிட்டோம் என்று சொல்லவில்லை. அந்தக் குறையை இன்றுவரை வரலாறு சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்கிறது.

பவுல் இப்படி மழுப்புகிறவர் அல்ல. பிலிப்பி சபைக்கு எழுதின நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கிறிஸ்துவின் சிந்தை நமக்கு வேண்டும் என்கிறார். நம் பிரசங்க மேடைகளில் பல தடவை இது கவலைப்படாமல் இருப்பது, மனச்சமாதானம், நேர்மறை எண்ணம் என்று சுருங்கிப்போகிறது. பவுல் பேசுவது வேறு. அவரவர் காரியத்தை மட்டும் பார்க்காமல் அடுத்தவர் காரியத்தையும் பார்ப்பதும், மேலே இருக்கிறவர் கீழே இறங்கி வேலைக்காரனின் இடத்தில் நிற்பதும்தான் அந்தச் சிந்தை. நாலாம் அதிகாரத்தில் அதே சபையில் மனஸ்தாபமாய் இருந்த எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரே சிந்தையாய் இருக்கச் சொல்கிறார். சபையாருக்கு முன்னால் வாசிக்கப்படும் கடிதம் என்று தெரிந்துதான் எழுதினார். நாமும் பேர் சொல்லிப் பார்ப்போம். ஆட்களின் பேர் வேண்டாம், காரியங்களின் பேர் போதும்.

பாவம் எது என்பதற்கு நம் வீடுகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. சினிமா, சிகரெட், குடி, சீட்டாட்டம், லாட்டரி, கோயிலுக்கு வராமல் இருப்பது. பெந்தெகொஸ்தே சபைகளில் நகையும் பூவும் இதில் சேரும். பட்டியலைக் கேலி செய்வதற்கில்லை. குடியை விட்டதால் தலைநிமிர்ந்த குடும்பங்கள் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் குமரியிலும் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் இதில் இருப்பதெல்லாம் ஒருவர் தன் உடம்பையும் தன் பொழுதையும் எப்படி வைத்துக்கொண்டார் என்பதுதான். அடுத்தவருக்குச் சேர வேண்டிய கூலி, ஓய்வு, பங்கு எதுவும் அதில் இல்லை. ஆகவே ஒருவர் சினிமா பார்க்காமல், குடிக்காமல், காலையும் மாலையும் குடும்ப ஜெபம் தவறாமல், நூற்றுக்கு ஐந்து வட்டிக்குப் பணம் விட்டுக்கொண்டு நல்ல விசுவாசி என்ற பேரோடு அடக்கமாகலாம். ஆகியும் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே ஆரம்பிக்கலாம். எட்டரை மணி ஆராதனைக்குக் கிளம்புகிற வீடு. அயர்ன் பண்ணிய சட்டை கட்டிலில் கிடக்கும், வேதாகமமும் காணிக்கை உறையும் டீவி மேசையில் தயாராக இருக்கும், அடுப்பில் கறி வெந்துகொண்டிருக்கும். 'ஞாயித்துக்கிழமை மட்டும் ஆறு மணிக்கே வந்துடும்மா, கோயிலுக்குப் போகணும்' என்று சொல்லிவைத்திருப்பதால் வேலை செய்கிற அம்மா மற்ற நாளைவிட முன்னதாகவே வந்து பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார். மத்தியானம் விருந்தாளி வந்தால் இன்னொரு தடவையும் வர வேண்டும். ஓய்வுநாளை நாம் ஆசரிப்பதற்காக அவருடைய ஓய்வுநாள் போய்விடுகிறது. பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளை நீளமானது. வேலைக்காரர், வேலைக்காரி, மாடு, வாசலுக்குள் வந்து தங்கிய அந்நியர் என்று யார் யாருக்கு ஓய்வு தர வேண்டும் என்பதை எண்ணிச் சொல்லுகிற கட்டளை அது. ஓய்வுநாள் பள்ளியில் அதைப் பிசகில்லாமல் ஒப்பித்து எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவர்கள் நாம். அந்த அம்மாவுக்குக் காப்பி கொடுக்கிற டம்ளர் மட்டும் அந்த வரிசையில் சேராது. அது ஜன்னல் திண்டில் தனியாக இருக்கும்.

கிறிஸ்மஸுக்கு அவருக்குச் சேலை எடுத்துத் தருகிறோம், உண்மை. ஜவுளிக்கடையில் போய் 'வீட்ல வேலை செய்றவங்களுக்கு' என்று சொன்னதும் கடைப் பையன் நம்மை எந்த அடுக்குக்குக் கூட்டிப்போவான் என்பது அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் தனி நலவாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்து அட்டை வாங்க ஆதாரும் புகைப்படமும் எடுத்துக்கொண்டு அலைய வேண்டும், விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். நம்மில் படித்தவர்களுக்கு ஒரு காலைப்பொழுது வேலை. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒரு மாதக் கூட்டத்து வேலை. எத்தனை சபைகள் அதைச் செய்தன? வேலை செய்கிற அம்மாவின் ஆத்துமாவுக்காக ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. அவருக்கு வாரத்தில் ஒருநாள் லீவு கொடுத்தால் என்ன என்ற யோசனை வரவில்லை.

அடுத்தது வட்டி. 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித்தொழிலாளி தன் மனைவியோடும் இரண்டு பெண்குழந்தைகளோடும் தீக்குளித்தார். நாலு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் படம் செல்போன் செல்போனாகச் சுற்றியது. ஆட்சியர் அலுவலகம் இருப்பது தாமிரபரணிக் கரையில், பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில். தென்னாட்டின் ஆக்ஸ்போர்டு என்று நாம் பெருமையடித்துக்கொள்கிற அதே பாளையங்கோட்டை. 1785-இல் குளோரிந்தா அம்மாள் கட்டிய கோயில் இன்னும் நிற்கிற ஊர். அதற்கு அடுத்த ஞாயிறு எத்தனை பிரசங்கங்களில் வட்டி என்ற சொல் வந்திருக்கும்? வட்டிக்கு விடுகிறவர்களும் வட்டி கட்டுகிறவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற சபைகள் நம்முடையவை. அசனப் பண்டிகைக்கு ஆட்டுக்கிடா வாங்கித் தருகிறவர் யார், அவருக்குப் பணம் எந்த வழியில் வருகிறது என்பது கமிட்டிக்குத் தெரியாதா? 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தைப் பற்றி ஒரு சேகரத்திலாவது கூட்டம் போட்டு விளக்கினோமா?

நெகேமியா புத்தகத்தை நாம் பெரும்பாலும் கட்டட நிதி திரட்டும்போதுதான் திறக்கிறோம். எழுந்து கட்டுவோம் வாருங்கள் என்பதற்கு அதைவிடத் தோதான புத்தகம் கிடையாது. அலங்கம் கட்டுகிற வேலை பாதியில் இருக்கும்போதே ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு கூச்சல் எழும்புகிறது. ஏழைகள் வயலையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்து, பிள்ளைகளை அடிமைகளாக விட்டுத் தானியம் வாங்கியிருக்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் புறஜாதியார் அல்ல, சொந்தச் சகோதரர்கள். நெகேமியா கோபப்பட்டுக் கூட்டம் கூட்டி, வயலையும் வீட்டையும் வட்டியையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்தவர்கள்தான் என்று அந்தக் கூட்டத்திலேயே சொல்கிறார், தன்னை விலக்கிக்கொள்ளவில்லை. திரும்பக் கொடுக்கிறோம் என்று ஒத்துக்கொண்டவர்களிடம் ஆசாரியர்களை வைத்து ஆணை வாங்குகிறார். ஜனங்கள் இரட்டு உடுத்தி, தலையில் மண் போட்டுக்கொண்டு, முன்னோரின் பாவத்தையும் சேர்த்து அறிக்கை செய்வது அதற்கப்புறம், ஒன்பதாம் அதிகாரத்தில். முதலில் கணக்கு, பிறகு அறிக்கை. நாம் ஐந்தைத் தாண்டிக் குதித்து ஒன்பதுக்குப் போய்விட்டோம். உபவாச ஜெபம் நடத்துகிறோம், சேகரத்தில் யார் பத்திரம் யார் பீரோவில் இருக்கிறது என்று கேட்பதில்லை.

பத்திரம் என்றதும் இன்னொன்று. வீடு வாங்கும்போது பாதிப் பணம் வெள்ளை, பாதி கருப்பு. பதிவு அலுவலகத்தில் எழுதுகிற தொகை ஒன்று, கைமாறுகிற தொகை வேறு. ஊரோடு ஒத்து வாழ்வது என்று இதற்குப் பேர் வைத்திருக்கிறோம். அப்புறம் குருவானவரைக் கூப்பிட்டு அஸ்திவாரக் கல்லுக்கு ஜெபம், கர்த்தர் கட்டிய வீடு என்று வாசலில் கிரானைட் பலகை, கோயிலில் நன்றி காணிக்கை. முத்திரைத்தாள் செலவில் மிச்சம் பிடித்ததிலிருந்து கொடுத்த காணிக்கையைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று பொருளாளரைத் திணறவைக்கலாம். அவர் வீடும் அப்படி வாங்கியதுதான் என்பதால் திணறமாட்டார்.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வரிசையில் நின்று வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அந்த அட்டைகளை அச்சடிக்கிறவர்கள் எந்தெந்த வசனங்களைப் பொறுக்குகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஆசீர்வாதம், உயர்வு, பாதுகாப்பு, சத்துருக்களின் முறியடிப்பு. கூலியைப் பிடித்துவைத்த பண்ணையார்களைப் பார்த்து யாக்கோபு சீறுகிற வசனம் எந்தப் பெட்டியிலும் கிடையாது. கூலிக்காரனின் சம்பளத்தை விடியும்வரை வைத்திருக்காதே என்ற லேவியராகமக் கட்டளையும் கிடையாது. புதுவருஷத்தில் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்கிறவனுக்குத் தைரியம் வேண்டும்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு வருஷம் முழுக்க ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துப் பார்க்கப்போகிற வசனத்தில் நமக்கு வர வேண்டியது மட்டுமே இருந்தால், நம்மிடமிருந்து போக வேண்டியது எந்தக் கதவில் ஒட்டப்படும்? இந்தப் பெட்டியில் கை விட்டு எடுத்தே மூன்று தலைமுறை வளர்ந்திருக்கிறது. ஜெபிக்கத் தெரிந்த பிள்ளைகள். கேட்கத் தெரிந்த பிள்ளைகள் என்று சொல்வதே சரி.

எல்லாவற்றையும்விடப் பெரிய அலட்சியம் சாதி. இங்கே 'செய்யாமல் விட்டது' என்று சொல்வதுகூட நமக்கு நாமே காட்டுகிற சலுகை. பல இடங்களில் முனைந்து செய்திருக்கிறோம். சபைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வரன் விளம்பரங்களைப் படியுங்கள். 'இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற, ஊழிய பாரமுள்ள' மணமகள் தேவை; முதல் வரியில் சாதி, அதற்குள் உட்பிரிவு. பாவத்துக்கு மரித்துக் கிறிஸ்துவோடு எழுந்தவர்கள் உட்பிரிவோடு எழுந்திருக்கிறார்கள். 'சாதி தடையில்லை' என்று விளம்பரம் கொடுக்கும் தாராள மனதுக்காரர்களிலும் சிலர் அடைப்புக்குறிக்குள் யாரைத் தவிர என்று போட்டுவிடுகிறார்கள். அந்த அடைப்புக்குறியைப் பிழைதிருத்துகிறவர் பார்க்கிறார், ஆசிரியர் பார்க்கிறார், அச்சுக்குப் போகிறது.

இது இப்போது முளைத்ததல்ல. தஞ்சாவூர், திருச்சி, வேப்பேரிச் சபைகளில் தனித்தனி இருக்கை, திருவிருந்துப் பாத்திரத்தில் யார் முதலில் பருகுவது என்ற முறை எல்லாம் இருந்தன. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பி, சாதி வேறுபாட்டைச் சபைக்குள் உடனே, முற்றாக ஒழிக்கச் சொன்னார். பலர் சபையை விட்டார்களே தவிரச் சாதியை விடவில்லை. நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும், சாதி ஆசாரத்தைக் கைவிடச் சொன்ன இளைய மிஷனரிகளை எதிர்த்து வாதாடியவர்தான். அவருடைய கீர்த்தனைகளைப் பாடும்போது இதையும் சேர்த்து நினைக்க நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சபை வரலாறு எழுதுகிறபோது மிஷனரிகளின் தியாகத்தை விரிவாக எழுதுகிறோம், இந்த இடம் வந்ததும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம்.

வேப்பேரியில் நடந்தது பழைய கதை என்று சொன்னால், 2008 மார்ச் பழையதல்ல. விழுப்புரம் மாவட்டமாக அப்போது இருந்த பகுதியில், எறையூரில், தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டது மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. இரண்டு பக்கமும் ஒரே ஜெபமாலை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களைப் பிரித்துவைக்கும் சுவர் பல காலமாகச் செய்தித்தாள்களில் வந்துகொண்டிருக்கிறது. புராட்டஸ்டண்டு சபைகளில் சுவர் வேண்டியிருக்கவில்லை. திருமண்டலத் தேர்தலில் எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு என்று விரல்விட்டுச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் சேகரத்துக்கு நாலு பேர் இருக்கும்போது சுவர் எதற்கு?

ஆகஸ்ட் 10-ஆம் தேதியைக் கறுப்பு தினமாக அனுசரிக்கிறோம். 1950-இல் அந்தத் தேதியில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுத்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் வாசல் திறந்தது, கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் திறக்கவில்லை. கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயம். கிறிஸ்தவர்களுக்குள்ளும் தீண்டாமை இருக்கிறது என்பதுதான் அந்தக் கோரிக்கையின் அடிப்படையே. அரசாங்கத்திடம் மனுக் கொடுக்கும்போது அதைச் சான்றோடு ஒத்துக்கொள்கிற நாம், ஆண்டவரிடம் மனுக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்வதில்லை.

1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பேசிய வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளையில் பிறந்தவர். இரண்டு வருஷம் கழித்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். மேல்நாட்டு மிஷனரிகள் பணம் தந்தார்கள், உழைப்பைத் தந்தார்கள், இந்தியரைத் தங்களுக்குச் சமமான நண்பராக மட்டும் நடத்தவில்லை என்று வெள்ளையர் நிறைந்த அந்தச் சபையில் முகத்துக்கு நேராகக் கேட்டார். அந்தப் பேச்சை நினைவுகூர்ந்து நூற்றாண்டு கொண்டாடினோம். அதே கேள்வியைச் சேரித்தெருவிலிருந்து வந்த கிறிஸ்தவர் நம்மிடம் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்? கல்விக்கூடம் தந்தோம், மருத்துவமனை தந்தோம், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோமா? அசனத்தில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே அண்டாச் சோற்றைச் சாப்பிடுகிறோம் என்பது பெருமைதான். அது வருஷத்துக்கு ஒருநாள், கோயில் வளாகத்தில். மற்ற நாளில் நம் வீட்டு உணவு மேசைக்கு யார் வருகிறார்கள் என்பதை நாமே எண்ணிக்கொள்ளலாம்.

பெண்பிள்ளைகளுக்கு என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்துபோகும் கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. ஆனால் திருவிதாங்கூரில் 1916-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது போதும் என்றது. 1956 வரை குமரி மாவட்டமும் அந்தப் பக்கம்தான் இருந்தது. மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்த்தது. தன் சொந்த வீட்டாரையே எதிர்த்து நீதிமன்றம் போன ஒரு பெண்ணால் அது நடந்தது, சபைகள் முன்வந்து கேட்டதால் அல்ல.

சட்டம் மாறியது, நம் பழக்கம் மாறவில்லை. அப்பா அடக்கம் முடிந்து நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு எல்லாரும் கூடியிருக்கும்போது, மூத்த அண்ணன் உள்ளறையில் தங்கச்சியிடம் ஒரு காகிதத்தை நீட்டுவார். விடுதலைப் பத்திரம். 'உனக்குத்தான் கல்யாணத்துக்கே போட்டாச்சே, கையெழுத்துப் போட்டுரும்மா, நாளைக்குப் பதிவு ஆபீஸ் போகணும்.' வெளியே 'அப்பாவின் ஆத்துமா கர்த்தருக்குள் இளைப்பாறுவதாக' என்று பேனர் கட்டியிருக்கும். தங்கச்சி அழுதுகொண்டே கையெழுத்துப் போடுவாள். அழுகை அப்பாவுக்காக என்று எல்லாரும் வைத்துக்கொள்வார்கள். செலொப்பியாத்தின் குமாரத்திகள் மோசேயிடம் போய்ப் பங்கு கேட்டதையும், கர்த்தர் அவர்கள் சொல்வது சரி என்றதையும் எண்ணாகமத்தில் படித்தவர்கள்தான் எல்லாரும். வரதட்சணையைப் பற்றி நம் வாலிபர் கூட்டங்களில் விவாத மேடை நடக்கும். பரிசளிக்க வருகிற பெரியவர் தன் பையனுக்கு எவ்வளவு வாங்கினார் என்பது மேடைக்குக் கீழே இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

நம்மால் முடியாதது எதையும் இங்கே சொல்லவில்லை. விசுவாசம் அடுப்படிக்கு வந்த காலமும் நமக்கு உண்டு. திருநெல்வேலிச் சீமையில் உலை வைக்கிறபோது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலயத்தில் போட்டுவைத்து, அதைச் சுவிசேஷ வேலைக்குக் கொடுத்த அம்மாக்கள் இருந்தார்கள். கையில் காசு புழங்காத பெண்கள். பிடியரிசிக் காணிக்கைக்கு உறை கிடையாது, ரசீது கிடையாது, பளிங்குக் கல்லில் உபயம் என்று பேர் பொறிப்பது கிடையாது. மிசோரத்திலும் 1910-இலிருந்து இதே வழக்கம் தொடங்கி இன்றும் நடக்கிறது. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, நம் ஆட்கள் தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கலுக்கு மிஷனரிகளாகப் போனதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கைகள் இருந்தன. ஜெபம் பண்ணுகிற நேரம் என்று தனியாக ஒதுக்காமல், தினமும் இரண்டு வேளை, பசிக்கிற பிள்ளை முந்தானையை இழுக்கும்போதே, இன்னொருவரை நினைத்துக் கையை ஒருமுறை அதிகமாக அசைப்பது. அன்றாடத்தில் கிறிஸ்தவ சிந்தை என்று எதையாவது காட்டச் சொன்னால் இதைத்தான் காட்ட வேண்டும். அந்தப் பிடி அரிசி காணிக்கையாகி, காணிக்கை நிதியாகி, நிதி சொத்தாகி, சொத்து வழக்காகி, நம் திருமண்டலத் தகராறுகளைத் தீர்க்க நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளை நிர்வாகிகளாக உட்கார்த்தும் நிலைக்கு வந்திருக்கிறது. அவிசுவாசிகளிடம் வழக்குக்குப் போகாதேயுங்கள் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதை நாம் ஞாயிறு பாடமாக வாசிக்கிறபோது, சபை மூப்பர் கையில் வாய்தா தேதி இருக்கிறது.

இதையெல்லாம் இப்போது பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஜெபக்கூட்டங்களுக்குத் தடை, வடக்கே கோயில்கள் மேல் தாக்குதல், நாளுக்கு நாள் நெருக்கடி. இந்த நேரத்தில் நம் அழுக்கை நாமே வெளியில் விரிப்பதா? கேள்வியில் பயம் இருக்கிறது, பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் நம்மைப் பிடிக்காதவர்கள் இந்த அழுக்கைக் கண்டுபிடிக்க நம் பத்திரிகையைப் படித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வரன் விளம்பரமும் கல்லறைச் சுவரும் ஊர் அறிந்தவை. பாபிலோன் சிறையிருப்பில் இருந்துகொண்டுதான் தானியேல் தன் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிட்டார். எதிரி ராஜ்யத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லலாமா என்று அவர் யோசிக்கவில்லை.

இன்னொரு பதில் இதைவிட வலுவானது, நம் நாக்கில் எப்போதும் தயாராக இருப்பது: இரட்சிப்பு கிருபையினால், கிரியையினால் அல்ல. லூத்தரின் வழி வந்த சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய நாள் முதல் நமக்குச் சொல்லப்பட்ட செய்தி அது. மறுப்பதற்கில்லை. சகேயு வீட்டுக்கு இயேசு வந்தபோது அவனிடம் ஒரு பைசா கேட்கவில்லை. மரத்தில் இருந்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், அவ்வளவுதான். அதைத்தான் கிருபை என்கிறோம். அன்றைக்கே அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலு மடங்கு என்று கணக்கு ஒப்பித்தான். சகேயுவைப் பற்றி நாம் செய்கிற பிரசங்கத்தில் மரமும் குள்ளமும் விலாவாரியாக வரும். நாலு மடங்கு வருகிறபோது நேரம் ஆகிவிடும்.

ஆண்டுக்கொரு முறை சேகர வருடாந்திரக் கூட்டம் நடக்கிறது. போன வருஷத்து நடவடிக்கைக் குறிப்பு, வரவு செலவு, கட்டட நிதி, ஜெனரேட்டர் ரிப்பேர், பாடகர் குழுவுக்குக் கீபோர்டு. செய்யாமல் விட்டதைப் பேர் சொல்லிப் பேச அது தோதான இடம். அங்கே குறிப்பு எழுதப்படும், கையெழுத்து வாங்கப்படும், அடுத்த வருஷம் திரும்பக் கேட்கலாம். கோயில் பிள்ளையிலிருந்து தொடங்குவது நல்லது. விடியற்காலை மணி அடிக்கிறவர், பெஞ்சு துடைக்கிறவர், மழையானாலும் கல்லறைத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகிறவர், கல்யாணம் என்றால் நாற்காலி அடுக்குகிறவர். அவர் சம்பளம் நம் பட்ஜெட்டில் பல சபைகளில் மின்கட்டணத்துக்கும் பூச்செலவுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு வரியில் இருக்கும். அவருக்கு மாதம் எவ்வளவு, கடைசியாக எந்த வருஷம் ஏற்றினோம், வைப்புநிதி உண்டா, ஞாயிறு வேலை செய்கிறவருக்கு வாரத்தில் வேறு எந்த நாள் ஓய்வு என்று யாராவது எழுந்து கேட்க வேண்டும். பொருளாளர் மனப்பாடமாகச் சொல்லமாட்டார், ஃபைலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். பார்த்துச் சொல்லட்டும், அதுவரை அடுத்த பொருளுக்குப் போக வேண்டாம்.